குண்டூசியாரின் பாடம் கேட்டவன்

காவல் நிலையத்தில் அந்த ஏட்டுக்கு வைத்த பெயர் குண்டூசியார். திருடனை ஓடிப்போய்ப் பிடித்த பெருமையெல்லாம் அவருக்குக் கிடையாது. பத்தடி ஓடினால் மூச்சு வாங்கும். பின்னறையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்துச் சுவரில் ஊர் வரைபடத்தை ஒட்டிவைத்து, எங்கே பூட்டு உடைந்தாலும் அங்கே ஒரு குண்டூசி குத்துவார். ஏதோ பயிற்சி வகுப்புக்கு அவரை அனுப்பிவைத்தார்கள். போய்வந்த நாள் முதல் அந்த வரைபடம்தான் அவருக்கு வேதம். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஓதினார்.

அவர் வேதம் சுருக்கமானது. பூட்டு எப்படி உடைந்தது என்று பார்க்காதே, எங்கே உடைந்தது என்று பார். இன்று கடப்பாறை, நாளை ஜன்னல் கம்பி என்று கை மாறும். கால் மாறாது, பழகின தெருவுக்குத்தான் போகும். ஆனால் சொந்த வீட்டுப் பக்கம் மட்டும் கைவைக்க மாட்டான். அங்கே நாலு பேருக்கு முகம் தெரியும். ஆகவே குண்டூசிகள் வட்டம் கட்டி நின்று நடுவில் வெற்றிடம் விட்டால், அத்தனையும் ஒரே ஆள் வேலை. ஆள் இருப்பது அந்த வெற்றிடத்துக்குள்.

அந்த வருஷம் ஊரில் பட்டப்பகல் திருட்டுகள். வேலைக்குப் போகிற குடும்பங்களாகப் பார்த்து எவனோ வீடு புகுந்தான். ஒவ்வொரு பூட்டும் ஒவ்வொரு விதமாக உடைந்திருந்ததால் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருடனைத் தனித்தனியே தேடிக்கொண்டிருந்தார். குண்டூசியார் எல்லாவற்றையும் ஒரே வட்டத்தில் சேர்த்தார். நடு வெற்றிடத்தில் மூன்று தெருக்கள் விழுந்தன. அதில் ஒன்று அவருடைய தெரு. அப்படியானால் உம்மைத்தான் முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்ல, நிலையமே சிரித்தது. அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

வீட்டிலாவது மரியாதை உண்டா என்றால், அதுவும் இல்லை. ஊர்த் திருடன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறவர் சமையலறைக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தால் போதும் என்பது மனைவியின் கட்சி. சாப்பாட்டின்போது அவர் பாடத்தைத் தொடங்கினால், தட்டைக் கழுவிப் போட்டுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். மிச்சம் இருப்பவன் அவள் தம்பி. தாயில்லாப் பிள்ளை, இடுப்பில் வைத்து அவள் வளர்த்தவன். கடை வேலை போனபின், வேறு வேலை கிடைக்கிறவரை என்று வந்து மாடியறையில் தங்கியிருந்தான். அந்த வேலைதான் கிடைத்தபாடில்லை.

அவன் கேட்டான். கை காய்கிற வரைக்கும் கேட்டான். "அப்போ போலீஸ் இனிமே எந்தப் பக்கம் தேடும் மாமா?" என்று சந்தேகம் வேறு கேட்டான். குண்டூசியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தண்ணீர்த் தம்ளரை நடுவில் வைத்து, மூன்று தெருக்களையும் பெயர் சொல்லி, திருடன் இதற்குள் மட்டும் கைவைக்கவே மாட்டான் மாப்ள என்று விளக்கினார். இந்தக் குடும்பத்தில் புத்தியுள்ளவன் இவன் ஒருவன்தான் என்று மனதார நம்பினார்.

அடுத்த திருட்டு அந்த மூன்று தெருக்களில் ஒன்றில் நடந்தது. அதற்கடுத்ததும் அங்கேயேதான். வெற்றிடம் குண்டூசியால் நிரம்பியது, வேதம் பொய்த்தது. இன்ஸ்பெக்டர் அந்தத் தெருக்களில் வண்டி தள்ளுகிற பழைய இரும்புக்காரரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அவர் வீடு வாய்க்காலுக்கு அப்பால், வட்டத்துக்கே வெளியே. என்றோ ஒரு பழைய வழக்கு இருந்தது, அது போதாதா? கிடப்பில் கிடந்த அத்தனை கேஸையும் அவர் தலையில் கட்ட ஏற்பாடு நடந்தது. ஆள் ஒன்று அகப்பட்டால் அலமாரியையே காலி செய்துவிடுவது அங்கே வழக்கம். அவர் மனைவி நிலையத்து வாசற்படியில் உட்கார்ந்து, போகிற வருகிற சீருடையை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைத் தாண்டித்தான் குண்டூசியார் பின்னறைக்குப் போக வேண்டும். போய் நின்று வரைபடத்தைப் பார்த்தார். புதுக் குண்டூசிகள் அவர் சொன்ன மூன்று தெருக்களில் மட்டும் இருந்தன, வேறெங்கும் இல்லை. வேதம் பொய்க்கவில்லை, எவனோ அதைக் கேட்டுத் திருப்பிப் போட்டிருக்கிறான். பாடம் எடுத்தபோது யார் கேட்டார்கள்? இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். ரைட்டர் காது குடைந்தார். மனைவி டிவி பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

அன்று சாப்பாட்டின்போது, கேட்காமலே ஒரு பாடம் எடுத்தார். நாளைக்குப் போலீஸ் மொத்தமும் சந்தைப் பக்கம் போகிறது, பம்ப் ஹவுஸ் தெருவில் ஈ காக்கை இருக்காது என்றார். சொன்னவர் தட்டில் இருந்த சோற்றைத் தொடவில்லை. இன்ஸ்பெக்டரிடம் அதே தெருவைச் சொல்லி, இரண்டு காவலர்களை முன்பே கேட்டு வாங்கியிருந்தார். சோறு அப்படியே இருந்ததைக் கவனித்த மனைவி, உடம்புக்கு என்ன என்று விசாரித்தாள்.

மறுநாள் மத்தியானம் பம்ப் ஹவுஸ் தெருவில், நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னால் காவலர்களோடு ஒளிந்து நின்றார். வராதேடா, வராதேடா என்று அவர் உதடு முணுமுணுத்தது. வந்தான். தோளில் பை, முகத்தில் ஒரு கவலையும் கிடையாது. கேட்டைத் தாண்டிக் குதித்து, கம்பியைப் பூட்டில் நுழைத்தான். காவலர்கள் பாய்ந்து அமுக்கினார்கள். குண்டூசியார் ஓடவில்லை, நடந்துதான் போனார், இருந்தும் மூச்சு வாங்கியது. இரும்புக்காரர் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுவார். இவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது என்பதுதான் தெரியவில்லை.

"அந்த மூணு தெரு உனக்குப் பத்தலையாடா? இங்க எதுக்குடா வந்த?"

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். பயத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வந்தேன் மாமா."