பூஜையில் வைக்காத பலகை

யுத்த காலத்தில் பட்டாபிராம் சைடிங்கில், சரக்கு வண்டி ஒதுங்கும் தண்டவாளத்தில், எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரே வேலை. ரயில் வேகனிலிருந்து எண்ணெய்ப் பீப்பாய் இறக்க வேண்டும். ஒன்றை இறக்க நாலு பேர். கயிறு கட்டி, கழியில் தொங்கவிட்டு, தோளில் சுமப்போம். அண்ணனுக்கு இடுப்பு போய்விட்டது. துண்டை இறுக்கிக் கட்டி வலியை மறைத்துக்கொண்டிருந்தான். மேஸ்திரிக்குத் தெரிந்தால் அன்றோடு சீட்டு கிழிந்துவிடும்.

வேகன் வாசலிலிருந்து தரைக்கு இரண்டு பலகையைச் சாய்த்து, மேலிருந்து இரண்டு பேர் கயிற்றை விட்டுக்கொடுத்தால் பீப்பாய் தானாக உருண்டு வராதா? இதற்குப் பெரிய மூளை வேண்டுமா என்ன? பலகையைக் கொண்டுவந்து போட்டேன்.

மேஸ்திரி கிட்டேகூட வரவில்லை. "ஆயுத பூஜ போன வாரந்தான் முடிஞ்சிச்சி. பூஜைல வெக்காத சாமான இங்க எவனும் தொடக்கூடாது. அடுத்த வருசம் வெச்சிக்கலாம்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணனும்தான்! "நாலு ஆள் வேலய ரெண்டு ஆள் செஞ்சா, மொதல்ல என்னத்தான்டா ஊட்டுக்கு அனுப்புவாரு" என்று என் காதைக் கடித்தான்.

நான் விடுவேனா? "மேஸ்திரி, நேத்து வந்த புதுக் கவுத்த காத்தாலேர்ந்து கட்டிகினு கீறோமே, அது எந்தப் பூஜைல இருந்திச்சி?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. "சரி, உருட்டு. ஒரு சொட்டு ஒழுகிச்சி, நீயும் உங்கண்ணனும் நாளைக்கி இந்தப் பக்கமே வரக்கூடாது."

கயிற்றின் ஒரு முனை என் கையில். மறுமுனையைப் பிடிக்க ஒருவனும் வரவில்லை. அண்ணன் என்னை நாலு கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஏறி வந்து பிடித்தான்.

பீப்பாய் உருண்டு தரையில் போய் நின்றது. ஒரு சொட்டு இல்லை. அண்ணன் நிமிர்ந்து நின்றான். பல் கடிக்காமல் நின்றான்.

மேஸ்திரி பீப்பாயை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு எங்கள் நாலு பேரில் மிச்சமிருந்த இருவரைப் பார்த்து, "இன்னா வேடிக்க? நீங்க ரெண்டு பேரும் அடுத்த வேகனுக்குப் போங்கடா. அங்கயும் பலக போடுங்க" என்று கத்தினார். வேகனுக்கா பஞ்சம்? ஒருவனுக்கும் வேலை போகவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பலகைக்குத்தான் பெரிய சந்தனப் பொட்டு. வைத்தவர் மேஸ்திரி. வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்ம ஏற்பாடுதான்" என்றார். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன? அண்ணன் சுண்டல் வாங்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான். அவன் துண்டு தோளில் கிடந்தது.