மரு கட்டிய தவணை

லேசர் இயந்திரம் வாங்கிய சமயத்தில் புதுக்கோட்டையில் என் தோல் கிளினிக் ஓரளவு பேர் எடுத்திருந்தது. படர்தாமரை, முகப்பரு, முடி கொட்டுவது என்று தினமும் ஆட்கள் வருவார்கள். ஆனால் எல்லாம் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். இயந்திரம் விற்க வந்த கம்பெனிக்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"இப்ப டாட்டூ இல்லாத கையே இல்ல மேடம். குத்துனவங்க எல்லாரும் ஒருநாள் அழிக்க வருவாங்க. உங்க மாவட்டத்துல வேற யாருகிட்டயும் இந்த மிஷின் இல்ல."

கணக்குப் போட்டுக் காட்டினார். மாதத்துக்கு இத்தனை பேர் வந்தால் தவணை தானாகவே அடைந்துவிடும் என்றார். நான் வங்கியில் கடன் வாங்கினேன்.

அந்தக் கணக்கில் ஸ்டெபிலைசர் இல்லை. நாள் முழுக்க ஓட வேண்டிய ஏசி இல்லை. சென்னையிலிருந்து வந்து திறந்து பார்த்துவிட்டுப் போகும் சர்வீஸ் ஆளின் கட்டணமும் இல்லை. அதெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். விசாரிக்க வந்தவர்கள் திரும்பி வராததுதான் பெரிய சிக்கல். போலீஸ் தேர்வுக்குப் படிப்பவர்கள் வந்தார்கள், பெண் பார்க்கத் தொடங்கிய வீட்டுப் பையன்கள் வந்தார்கள். ஐந்தாறு தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாதமாவது தோல் ஆற வேண்டும், சுவடே இல்லாமல் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்பேன். "யோசிச்சுச் சொல்றோங்க" என்று எழுந்துபோவார்கள். இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு நின்றது.

கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். "ஒவ்வொரு தடவையா வாங்காதீங்க மேடம். கொஞ்சம் குறைச்சு, மொத்தத்தையும் முன்னாடியே வாங்கிருங்க. பாதிப்பேரு நடுவுல நின்னுருவாங்க. லாபமே அதுலதான்" என்றார். கடைசியில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மொத்தக் கட்டணம் என்று ஒரு பலகை எழுதி வைத்தேன்.

அதைப் பார்த்து முதலில் பணம் கட்டியவர்கள் கீரமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர் பூ மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவளுக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. முன்கையில் தடித்த கறுப்பு எழுத்தில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. அது கூட வந்தவரின் பெயர் இல்லை.

"மொத வீட்டுக்காரரு" என்றாள். "பைக்குல போயி அடிபட்டு இறந்துட்டாரு. கல்யாணமான புதுசுல திருவிழாக் கடையில குத்துனது."

"எனக்கு இதுல ஒண்ணும் இல்லங்க டாக்டர்" என்றார் கணவர். "அவன் என்கூடப் படிச்சவன்தான். இருந்துட்டுப் போகட்டும்னுதான் சொன்னேன். இவதான் கேக்க மாட்டேங்கிறா."

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டேன். "அத்தைக்கு நா சோறு போடுறப்பல்லாம் கண்ணு இந்தக் கையிலதான் இருக்கு. வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதான் கஷ்டமா இருக்கு."

திருவிழாக் கடை மை சீராக இறங்கியிருக்காது. ஓரிடத்தில் மேலாகவும் ஓரிடத்தில் ஆழமாகவும் இருக்கும். அதையும் சொன்னேன். சரி என்றாள். மரத்துப்போகும் க்ரீம் தடவி ஆரம்பித்தோம். ரெண்டு தடவை கணவரே அழைத்து வந்தார். எழுத்துகள் மெல்ல வெளிறின.

அடுத்த தடவை முகூர்த்த நாள். அவருக்கு ஓயாத லோடு. அதனால் அவருடைய அம்மா, அவளுக்கு மாமியார், துணைக்கு வந்தார். மூக்குத்தி போட்ட, கனத்த உடம்புக்காரர். நானும் உள்ளே வாரேன் என்று நின்றதால் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஓரமாக உட்கார வைத்தேன்.

லேசர் தோலில் படும்போது பொரி பொரிவது போலச் சத்தம் வரும். முடி கருகிய வாடை அடிக்கும். க்ரீம் போட்டாலும் வலி முழுதாக அடங்காது. அவள் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். முதல் எழுத்து முடிவதற்குள் மாமியார் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கம்மா கொஞ்சம்" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மருமகளைப் பார்த்தார். "எதுக்குடி இந்தப் பாடு? யாரு ஒன்னை இதை எடுக்கச் சொன்னா?"

நான்தான் சொன்னேன், "நீங்க அந்தக் கையையே பாக்குறீங்கன்னு அவங்களுக்கு ஒரு சங்கடம்."

மாமியார் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாத்தேன்தான். அந்தப் பய பள்ளிக்கூடம் விட்டா எங்க வீட்டுக்குத்தான் வருவான். எங்கையால தின்ன புள்ள. நீ சோறு வைக்கிறப்ப அவன் பேரு தெரியும், எனக்கு அவன் நெனப்பு வந்துரும். வேற என்ன? எனக்காகன்னா இத்தோட விட்ரு. ஒனக்கு வேணாம்னா எடு, நா குறுக்க நிக்கல."

அவள் அழுதாள், மாமியாரும் அழுதார். நான் லேசரை இயக்கும் கால்மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "போதுங்க டாக்டர்" என்றாள் அவள்.

கையில் மருந்து போட்டுக் கட்டுக் கட்டியபின், மீதித் தடவைகளுக்கான பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"குடுத்ததைத் திருப்பி வாங்குறது நல்லா இருக்காதும்மா" என்று மாமியார் முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். சுற்றிலும் மரு. "இந்த மிஷினு இதை எடுக்குமா?"

"அது எடுக்காது. அதுக்குச் சின்னதா வேற ஒண்ணு இருக்கு."

அந்தச் சின்னக் கருவி ரொம்ப நாளாக என்னிடம் இருந்தது. விலை, லேசருக்கு வந்துபோகும் சர்வீஸ் ஆளின் கட்டணத்தைவிடக் குறைவு. அன்றைக்கே கழுத்து மருவை எல்லாம் சுட்டு எடுத்தேன். மீதிப் பணத்தை அவள் கையில் வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

ரெண்டு வாரத்தில் மாமியார், மகன் லோடு அடிக்கும் பூ மார்க்கெட்டிலிருந்து நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் இலுப்பூர், பொன்னமராவதி என்று தூரத்திலிருந்தும் மருவுக்கென்றே பஸ் ஏறி வந்தார்கள். ஒருமுறை வந்தால் வேலை முடிந்தது, வலி அதிகமில்லை, கண்ணாடியில் பார்த்தால் கையோடு தெரிகிறது. அதற்குப் பணம் கொடுக்க யாரும் யோசிக்கவில்லை. லேசருக்கு வாங்கிய கடனில் பெரும்பகுதியை அந்த மருக்கள்தான் அடைத்தன.

மொத்தக் கட்டணப் பலகையை எடுத்துவிட்டேன். டாட்டூ அழிக்க வருகிறவர்கள் வந்த தடவைக்கு மட்டும் கொடுத்தால் போதும். நடுவில் நிற்கிறவர்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். அதில் எனக்கு நஷ்டமும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. வாரத்துக்கு ஒருவர் வந்தாலே ஏசி ஓடியதற்குச் சரியாகிவிடுகிறது.

அவள் கையில் எழுத்து சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் பார்த்தால் படிக்கலாம். போன தை மாதம் கணவரை இடுப்புப் படர்தாமரைக்காகக் கூட்டி வந்திருந்தாள். ஈரக் கைலியோடு நாளெல்லாம் வண்டி ஓட்டுகிறார், சொன்னால் கேட்பதில்லை என்று என்னிடம் புகார் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து எழுதும்போது, மூன்று வாரம் விடாமல் தடவ வேண்டும் என்று அவளிடமே சொன்னேன்.