பொறி விழாத தோள்

ஜப்பானின் சுமிதா ஆற்றங்கரையில், விருந்துகளில் ஆடிப் பாடும் கெய்ஷாக்கள் இருந்த அந்த வீட்டுக்கு ஒகுமே சின்ன வயதில் ஆட்டமும் பாட்டும் படிக்கத்தான் வந்தாள். நாலு பேர் பார்த்தால் அவளுக்குக் கை விறைத்துவிடும். அதனால் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பது வயதாகியும் அவள் வாசலுக்கு வருவது ஒரே ஒரு வேலைக்குத்தான். கெய்ஷாக்கள் விருந்துக்குக் கிளம்பும்போது சிக்கிமுக்கிக் கல்லை இரும்பில் உரசி, அவர்களுடைய வலது தோளுக்குப் பின்னால் பொறி பறக்கவிடுவாள். போகிற இடத்தில் கெட்டது அண்டாது.

போன வருஷம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கோஹாகி என்ற கெய்ஷா பொறி படாமலே படகு விருந்துக்குப் போனாள். படகு கவிழ்ந்தது. அவள் திரும்பவேயில்லை.

இன்று ஹமாயூ என்ற கெய்ஷாவுக்குப் படகு விருந்து. வாசலில் ரிக்‌ஷா காத்திருந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. ஒகுமே உரசினாள். பொறி வரவில்லை. மறுபடியும் உரசினாள். நாலு நாளாகப் பெய்த அடைமழையில் கல் ஈரம் கோத்திருந்தது.

"என்னடி, கல்லுக்கும் உன்னை மாதிரியே வெக்கமா?" என்றாள் ஹமாயூ.

எல்லோரும் அம்மா என்று கூப்பிடும் வீட்டுத் தலைவி உள்ளேயிருந்து கத்தினாள். "நேரமாச்சு! பொறி வந்த மாதிரி நெனச்சுக்கிட்டுக் கிளம்பு!"

ஹமாயூ படியிறங்கினாள். ஒகுமே சட்டென்று பாய்ந்து அவளுடைய பட்டு அங்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போகாதீங்க."

"மீன் கழுவுன கையோட பட்டைத் தொடுறா பாரு! வேலையில இருக்கணுமா, வேணாமா உனக்கு?" என்று வாசலுக்கு வந்த அம்மா சீறினாள்.

ஹமாயூ கையை உதறவில்லை. "கோஹாகி நெனப்பா?" என்றாள் மெதுவாக.

ஒகுமே தலையசைத்தாள்.

"எனக்கும்தான்டி. கல்லை மடியில வச்சுக்க. படித்துறை போறதுக்குள்ள காயுதா பாப்போம்."

கல்லையும் இரும்பையும் வயிற்றோடு அழுத்திக்கொண்டு ஒகுமே ரிக்‌ஷாவுக்குப் பின்னால் ஓடினாள். படித்துறையில் கனவான்களும் மற்ற கெய்ஷாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கை விறைத்தது.

"அவங்களைப் பாக்காதே. என் தோளைப் பாரு. நீ பொறி தட்டாம நான் படகுல ஏற மாட்டேன்" என்றாள் ஹமாயூ.

யாரோ சிரித்தார்கள். ஒகுமே பல்லைக் கடித்துக்கொண்டு உரசினாள். இன்னொரு தடவை. மெலிதாக ஒரே ஒரு பொறி தெறித்து அணைந்தது.

ஹமாயூ ஏறிக்கொண்டாள். படகு நகர்ந்து பாலத்தைத் தாண்டியதும் தூரத்தில் இடி உறுமியது. அவ்வளவு சின்னப் பொறி போதுமா என்று யாரிடம் கேட்பது?

"ஏறும்மா, வெறும் வண்டிதானே, வீட்ல விட்டுர்றேன்" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"நீங்க போங்கண்ணே. அக்கா எறங்குற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."