தரையைத் தொட்ட நுனி

நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் காவலாளியாக இருக்கிறேன். அதற்கு முன் பதினெட்டு வருடம் ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டினேன். முற்றிய தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே நறுக்கிவிடும் வேலை. மனைவி இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறாள். அவள் பேர் பதிவில் இருப்பதால்தான் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும், தோட்டம் தந்த அந்த ஒற்றை அறையும், எங்களிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் ஒரு பெண் வாள் பழக்குகிறார். என்னைவிட வயதில் குறைந்தவர், சிங்களவர், வெளிநாட்டில் கற்று வந்தவர். இரண்டு கையாலும் பிடிக்கிற நீள வாள். இரும்புதான், ஆனால் ஓரத்தையும் முனையையும் மழுக்கியிருப்பார்கள். ஒரு நாள் சோடிக்கு ஆள் குறைந்தது.

"அண்ணே, நீங்க சும்மா வந்து நில்லுங்க" என்று உடைந்த தமிழில் கூப்பிட்டார்.

நாலு பேர் பார்க்க நிற்பதென்றாலே எனக்குக் கூச்சம். முகத்தை மூடும் கம்பிவலைக் கவசத்தைத் தந்ததால் போனேன். அதற்குள் யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

வலது கை மேலே, இடது கை பிடியின் அடியில். வாளைத் திருப்புவது இடது கைதான் என்று விளங்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. என் வெட்டெல்லாம் கீழேயிருந்து சாய்வாக மேலே போனது.

"அண்ணே, இது தேயில இல்ல, ஆளு! தலையப் பாத்து வெட்டுங்க!" என்று பழகுகிற இளவட்டங்கள் சிரித்தார்கள். ஆனால் கீழிருந்து வருகிற அந்த வெட்டை அவர்களால் தடுக்க முடியவில்லை. நானும் உள்ளே சிரித்துக்கொண்டேன்.

ஒரு குறைதான் போகவில்லை. யாராவது மண்டபத்துக்குள் நடந்து வந்தால் என் வாள் தானாக இறங்கிவிடும். "நுனி! அண்ணே, நுனி!" என்று அந்தப் பெண் கத்துவார். காரணம் எனக்குத் தெரியும். கவ்வாத்துக்குப் போன முதல் நாளே கங்காணி சொன்னது: "தொர வந்தா கத்திய மண்ணுல ஊனிக்கிட்டு நில்லுடா. கத்தியும் கையுமா தொர மூஞ்சிக்கு நேரா நிப்பியா?"

சித்திரையில் அந்தப் பெண் எங்களுக்குள் ஒரு போட்டி வைத்தார். முதலில் ஐந்து அடி போடுகிறவருக்கு வெற்றி. அன்றைக்கு ஒரு தடவையும் நுனி இறங்கக் கூடாது. வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. காலையில் மண்டபம் கூட்டும்போதுகூட விளக்குமாற்றை உயர்த்திப் பிடித்துப் பழகினேன்.

என்னோடு மோதியவர் புதிதாகச் சேர்ந்தவர். கவசம் போட்ட பிறகுதான் உள்ளே வந்தார், யாரென்று பார்க்கவில்லை. நல்ல உயரம். நான்குக்கு இரண்டு என்று நான் முன்னால் இருந்தேன். இன்னும் ஒரே ஒரு அடி. அப்போது அவர் கையைக் காட்டி நிறுத்தி, வியர்வை துடைக்கக் கவசத்தைத் தூக்கினார்.

மனைவி வேலை செய்யும் தோட்டத்துச் சின்னதுரை, துரைக்கு அடுத்த அதிகாரி.

அவருக்கு என்னைத் தெரியாது. கவசத்தை இறக்கிவிட்டு, மலையில் ஆளைக் கூப்பிடுகிற அதே தொனியில் "ம், வா" என்றார். நான் முன்னால் போனேன். போகும்போதே நுனி கீழே போய்ப் பலகைத் தரையில் தட்டிய சத்தம் எனக்கே கேட்டது. தோளில் அடி விழுந்தது. அடுத்த இரண்டும் அப்படியே.

"பாவம், பெரியவரு விட்டுக் குடுத்துட்டாரு" என்று சின்னதுரை எல்லோருக்கும் கேட்கச் சொல்லி என் முதுகில் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் இறக்கினீர்கள் என்று அந்தப் பெண் தனியாகக் கேட்டார். கை வலி என்றேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டாள்.

"நல்ல வேலை செஞ்சீங்க. நீங்க செயிச்சிருந்தா யாருன்னு விசாரிச்சு, நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல என்னயத்தான் ஏற முடியாத மேட்டு மலைக்கு ஏத்திவிட்டிருப்பாங்க. ஏங்க, நீங்ககூட யோசிக்கிறீங்களே!"

நான் யோசித்துத்தான் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் அடித்திருப்பேன்.