பிச்சம்மாள் போடாத கையெழுத்து

என் மாமியார் பிச்சம்மாளை என் மாமனார் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏளா"தான். அதே பெயரைத் திருவனந்தபுரத்துப் பெரிய மனிதர்களின் வாசலில் நின்று கோர்ட்டு அமீனா தமுக்கடித்துச் சொன்னான், ஏழு முறை. "ஆரியசாலை நெல்லையப்ப பிள்ளை பாரியாள் பிச்சம்மாள்!" ஏலத்தில் போன வீடு இனி யாருடையது என்று ஊரறியச் சொல்லும் முறை அது.

மாமனாருக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மண்டி. மண்டிக்கு மேல் குடித்தனம். நான் கல்யாணமாகி வந்த முதல் மாதம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தேன். கொப்பரையும் மிளகும் விலை சரிந்து, பாங்குகள் கதவைச் சாத்திய வருஷங்கள் அவை. தைக்காட்டில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கடன் வாங்கிக் கட்டிய பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் கோர்ட்டு ஏலத்துக்கு வந்தன. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று மாமனார் போய் நின்றார். மண்டி நொடித்தாலும் வீடு தப்பட்டும் என்று எல்லாவற்றையும் மனைவி பெயரில் எடுத்தார். மாமியாருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான்; அது போதுமானதாக இருந்தது.

கோயிலில் பெண்கள் "இவதான் அந்தப் பிச்சம்மா" என்று ஒதுங்குவார்கள். அவள் கூனிக் குறுகிப்போவாள். "நான் என்னளா செய்வேன்? அவுக காட்டுன எடத்துல ஒப்பு வைக்கேன்" என்பாள் என்னிடம். நான் நம்பினேன்.

ஏழாவது வீடு வக்கீல் ஸ்ரீகண்டய்யருடையது. ஏலம் முடிந்து முப்பது நாளுக்குள் கடனைக் கட்டினால் வீடு திரும்பக் கிடைக்கும் என்பது சட்டம். இருபத்தெட்டாம் நாள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி அம்மாள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"எங்கண்ணா தஞ்சாவூர்ல நெலத்தை வித்துப் பணத்தோட வரார். முப்பத்தி மூணாம் நாள்தான் வந்து சேருவார். ஏலம் உங்க பேர்ல. ஆட்சேபம் இல்லேன்னு நீங்க ஒரு ஒப்பு போட்டா கோர்ட்ல ஒத்துப்பா" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

மாமியார் கண் கலங்கிவிட்டாள். "நாளைக்கே ஒப்பு வச்சுக் குடுத்து விடுதேன்" என்றாள்.

"ஒரு தடவை ஆத்துக்கு வாங்கோ. எங்க மாமனார் கட்டினது. பாத்தேள்னா ஏன் தவிக்கறேன்னு புரியும்" என்றார் ஜெயலக்ஷ்மி அம்மாள். பார்த்தால் இரக்கம் இன்னும் கூடும் என்று நினைத்திருப்பார், பாவம்.

மறுநாள் போனோம். ஒவ்வோர் அறையாகக் கூட்டிப் போய்க் காட்டினார். மாடியில் இரண்டு பெரிய அறைகள். ஜன்னலைத் திறந்ததும் காற்று அள்ளிக்கொண்டு வந்தது. மாமியார் மூச்சை இழுத்து விட்டாள், தும்மவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் இருந்தபடியே அந்த ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அன்று மாமனார் சாப்பிடும்போது காகிதத்தை முன்னால் வைத்தாள். அவர் "மாட்டேன்" என்பார், பழி அவரோடு போகும் என்று எதிர்பார்த்திருக்கிறாள். அவரோ மோரை ஊற்றிக்கொண்டே, "ஒம் பேர்லதான கெடக்கு. ஒப்பு வைக்கணும்னா வையி. எனக்கு ஆறு வீடு போதும்" என்று சொல்லிவிட்டார்.

அவள் பேனாவை எடுத்தாள். நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன். முனையைக் காகிதத்தில் வைக்காமலே, "அந்த மாடி ரூம்ல ஒண்ணு ஒனக்கு" என்று என்னிடம் சொல்லிப் பேனாவைக் கீழே வைத்தாள். "வேண்டாம் அத்தை" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்தக் காற்று வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

காகிதம் வாங்க வந்த வக்கீல் குமாஸ்தாவிடம், "எங்க வீட்டுக்காரங்க சம்மதிக்கல்ல" என்றாள். மாமனாருக்கு அது காதில் விழுந்தது. அவர் சிரித்தார். "ஆறு பழியோட ஏழு. இருந்துட்டுப் போட்டும்."

தைக்காட்டில் அந்த வீட்டுக்கே குடிபோய் எட்டு வருஷம் இருந்தோம். தெருவில் ஒருவரும் எங்களைக் கொலுவுக்கு அழைக்கவில்லை. மாமனார்தான் கல்நெஞ்சன், பிச்சம்மாள் வாயில்லாப் பூச்சி என்று ஊரில் பேச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாமியார் அந்தப் பேச்சை மறுத்ததே இல்லை.

மாமனார் இறந்த பத்தாம் நாள் துக்கம் கேட்க ஜெயலக்ஷ்மி அம்மாள் வந்தார். தான் மருமகளாக வந்து ஏறிய கூடத்தில், எங்கள் பாயில் உட்கார்ந்தார். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க மேல எனக்கு ஒரு நாளும் கோபம் இல்லே. அவர் விட்டிருந்தா நீங்க ஒப்பு போட்டிருப்பேள். எனக்குத் தெரியும்."

மாமியார் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நான் உள்ளே எழுந்து போனேன்.

ஜெயலக்ஷ்மி அம்மாள் போன பிறகு அவள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். "செத்தவுக தலையில போட்டுட்டேனே. நீயாவது வாயத் தொறந்து உள்ளதச் சொல்லியிருக்கக் கூடாதாளா?"

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மூன்று வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெயலக்ஷ்மி அம்மாள் போன ஆவணியில் காலமானார்.