நீர் கோத்திருக்கு

எங்கள் ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கிற அக்காவுக்கு வலது தோள் போய் ஆறு வருடமாகிறது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் நெஞ்சில் கருவியை அழுத்திப் பிடித்தால் தோள் என்ன, தூணே சாய்ந்துவிடும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கிறவள் நான். அவர் சிரித்ததைவிடக் கொட்டாவி விட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

திரையில் தெரிவதை நோயாளியிடம் சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. அக்காவுக்கு வாய் நிற்காது. பயந்துபோய்க் கிடக்கிற மனுஷனிடம் கல்லுப் பிள்ளையார் மாதிரி எப்படி உட்கார்ந்திருப்பது என்று என்னிடமே சண்டைக்கு வருவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு இஸ்திரிக்காரர் வந்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அனுப்பியிருந்தார்கள். இதயத்தை மூடியிருக்கும் உறைக்குள் கொஞ்சம் நீர் சேர்ந்திருந்தது. அதை அப்படியேதான் ரிப்போர்ட்டில் அடித்தேன். அக்காவுக்கு அன்று கண்ணைத் திறந்து வைப்பதே பெரும்பாடு. "என்னம்மா தெரியுது?" என்று இஸ்திரிக்காரர் கேட்டபோது, அக்கா ஜெல்லைத் துடைக்கத் துணியை நீட்டிக்கொண்டே, "லேசா நீர் கோத்திருக்கு. பயப்படாதீங்க, டாக்டரப் பாருங்க" என்றார்.

நீர் கோத்தால் நாம் என்ன செய்வோம்? சளி என்று நினைத்துக்கொண்டு ஆவி பிடிப்போம். டாக்டர் அன்று கிளம்பிப் போயிருந்தார். சளிக்கு எதற்கு இன்னொரு நாள் கடையை மூடுவது என்று இஸ்திரிக்காரரும் திரும்ப வராமலே இருந்துவிட்டார்.

நேற்று அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள் மனைவி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கால் செருப்புக்குள் நுழையவில்லை. படுக்க முடியாததால் உட்கார வைத்தே அக்கா கருவியை வைத்தார். இதயத்தைச் சுற்றிலும் கன்னங்கரேலென்று நீர். அதற்குள் இதயம் இங்குமங்கும் ஆடியது, விரிய இடமில்லாமல் அதன் வலது பக்கம் நசுங்கி நசுங்கி மீண்டது. அக்கா எனக்கு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. டாக்டரைக் கூப்பிட எழுந்து ஓடினார்.

டாக்டர் வந்து, திரையைப் பார்த்தபடியே நெஞ்சில் ஊசி செலுத்தி நீரை இழுத்தார். முக்கால் லிட்டர். அது வெளியே வர வர இஸ்திரிக்காரருக்கு மூச்சு திரும்பியது.

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டார், மூன்று வாரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் அந்த அம்மாவிடம் எரிந்து விழுந்தார்.

"ரெண்டு வேளையும் ஆவி புடிச்சோம் டாக்டர். மூச்சு முட்டுது, மூச்சு முட்டுதுன்னு போர்வையத் தள்ளுவாரு. நான்தான் அதட்டி அதட்டிப் போத்துனேன். நானே கொல்லப் பாத்திருக்கேனே."

நான் அக்காவைப் பார்த்தேன். வாயைத் திறக்காதீங்க என்று கண்ணைக் காட்டினேன், உங்களிடம் மறைப்பானேன். ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த வயதில் வேலை போனால் அக்காவை யார் எடுப்பார்கள்?

"நீர் கோத்திருக்குன்னு இவர்கிட்ட சொன்னது நான்தான் டாக்டர். இதயத்தச் சுத்தின்னு சொல்லல."

டாக்டர் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாயங்காலம் விளக்கம் எழுதித் தரச் சொல்லிப் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. இப்போது இருக்கிறது கச்சேரி என்று நான் எழுந்து நின்றேன்.

"அப்ப என் மேல தப்பில்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உங்க மேல இல்ல."

அவள் அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளியே பதினாலு பேர் காத்திருந்தார்கள். அவள் விடவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.