எக்ஸெல் தாளில் தேர்வான கிரிம்ப் டை

சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, அழுக்குப் போக வால்நட் ஓட்டுத் தூளில் போட்டு உலுக்கும்போது பழைய சில்லறைக் காசும் காய்ந்த மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழும். பிளானோவில் எங்கள் வீட்டு கராஜிலிருந்து கிளம்பி அது சமையலறைவரை வந்துவிடும். உலுக்குகிற டப்பாவோ மணிக்கணக்கில் நிற்காமல் அலறும். "ஏனுங்க, வீட்டுக்குள்ள ரைஸ் மில்லு வச்சாப்புல இருக்குதுங்க" என்று அம்மா கதவை அறைந்து சாத்துவாள். ஈரோட்டிலிருந்து ஒன்பது வயதில் இங்கே வந்த எனக்கு அப்போது பதினைந்து.

கிரீன் கார்டு கைக்கு வந்தால் சிலர் வீடு மாற்றுவார்கள், சிலர் வேலை மாற்றுவார்கள். அப்பா ஒரு ரிவால்வரும், அதே தோட்டா போடுகிற ஒரு லீவர் ரைஃபிளும் வாங்கினார். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் செந்தில் அங்கிள் என்றொருவர் இருந்தார். அப்பாவோடு ஆபீஸில் வேலை பார்த்தவர், கோபிக்காரர், துப்பாக்கி விஷயத்தில் அப்பாவைவிட எட்டு மாதம் மூத்தவர். அந்த எட்டு மாதத்தை எட்டுத் தலைமுறை என்று நினைத்துக்கொண்டுதான் அவர் வாயைத் திறப்பார். "கடைத் தோட்டா வாங்கறது, கல்யாண வீட்டுக்காரன் ஹோட்டல்ல சாப்பாடு வாங்கிப் போடற மாதிரிங்க. நாமளே ரீலோட் பண்ணோணும்."

ரீலோட் என்பது சுட்ட கூட்டில் புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடியும் தோட்டாவாக்குவது. மேசையோடு திருகிய ஒரு பிரஸ்ஸில் 'டை' எனப்படும் எஃகு அச்சுகளை மாட்டிக் கைப்பிடியை இழுக்க வேண்டும். கடைசி டையின் வேலை, கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்குவது. அதற்குத்தான் 'கிரிம்ப்' என்று பெயர். இதில் இரண்டு வகை முக்கியம். 'டேப்பர்' டை வாயைப் பக்கவாட்டில் லேசாக அமுக்கிவிடும், தானியங்கிப் பிஸ்டலுக்கு அது போதும். 'ரோல்' டை, சோமாசியின் விளிம்பை மடிக்கிற மாதிரி, வாயைக் குண்டிலுள்ள பள்ளத்துக்குள் மடித்துப் பூட்டிவிடும். ரிவால்வர் உதைக்கிற உதையில், சுடப்படாமல் காத்திருக்கும் குண்டுகள் முன்னால் நழுவி வெளியே வராமல் இருக்க இந்தப் பூட்டு வேண்டும். குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும் லீவர் ரைஃபிளிலும் வேண்டும். அங்கே குண்டு உள்ளே அமுங்கிவிடும்.

இத்தனையும் பிரஸ் பெட்டிக்குள் இருந்த நாலு பக்கத் துண்டுத்தாளில் அச்சாகியிருந்தது. நான் படித்தேன். அவர்கள் இருவரும் எக்ஸெல் போட்டார்கள்.

அந்தத் தாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினோரு டை, ஒன்பது பத்தி, விலைக்கு இவ்வளவு மதிப்பெண், டெலிவரிக்கு இவ்வளவு, வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரத்துக்கு எல்லாவற்றையும்விட அதிகம். ஆபீஸில் சாஃப்ட்வேர் வாங்க எந்த ஃபார்முலாவோ, அதே ஃபார்முலா. எந்தத் துப்பாக்கிக்கு என்ற பத்தி மட்டும் இல்லை. ஒரு டேப்பர் டை முதலிடம் பிடித்தது. அதற்கு நட்சத்திரம் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பிஸ்டல்காரர்கள் என்று நான் சொன்னேன். துண்டுத்தாளையும் நீட்டினேன்.

"அம்மிணி, அது அவிங்க டைய விக்கறதுக்கு அச்சடிக்கறது. நாங்க டேட்டா பாத்து டிசைட் பண்றோம்" என்றார் அங்கிள்.

"நீ போயி கெமிஸ்ட்ரி படி கண்ணு" என்றார் அப்பா, தாளை வாங்காமலே.

டை வந்தது. அஷ்டமியென்று இரண்டு நாள் பெட்டியைப் பிரிக்காமல் வைத்து, பிறகு சந்தனப் பொட்டு வைத்து மாட்டினார்கள். எஃகுக்கு நாள் பார்க்கத் தெரிந்த அந்த இரண்டு எம்.எஸ். பட்டதாரிகளுக்கு, நாலு பக்கம் படிக்கத் தெரியவில்லை. பிரஸ்ஸின் கைப்பிடியைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. "டேஞ்சர்!" என்பார் அங்கிள், மருந்தளவு எழுதிய காகிதத்தின் மேலேயே சாயா டம்ளரை வைத்துவிட்டு.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து ஊர் கிளப்பில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான ரிவால்வர் போட்டி, சீசனுக்கு ஆறு சனிக்கிழமை. முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஆறு இரும்புத் தட்டுகளைச் சாய்க்க வேண்டும். ஆறு மாதமாகக் காலித் துப்பாக்கியை வைத்துச் சுவரைப் பார்த்து விசை இழுத்துப் பழகியிருந்தேன். "தட்டு சாயோணுமில்ல!" என்று அங்கிள் கனமான குண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுக்க, அப்பா கைப்பிடியை இழுத்து லோட் பண்ணினார்.

நாலு தட்டு சாய்ந்தது. ஐந்தாவதற்கு விசை அசையவில்லை. துப்பாக்கியை முன்னோக்கியே பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினேன். போட்டியைக் கண்காணிக்கும், வைக்கோல் தொப்பி போட்ட ரேஞ்ச் ஆபீஸர் வந்து பார்த்தார். உதையில் ஒரு குண்டு கூட்டைவிட்டு நழுவி சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி, சிலிண்டரைச் சுற்றவிடாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. மிச்சத் தோட்டா ஒன்றை எடுத்து அதன் வாயோரத்தை நகத்தால் தடவினார்.

"இதை லோட் பண்ணினது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த கிளப்பின் விதி எங்கள் மூவருக்கும் தெரியும். ஒருவர் லோட் பண்ணிய தோட்டாவில் இப்படி ஆனால், லோட் பண்ணியவருக்கு அந்த சீசன் முழுக்க அங்கே இடமில்லை. அப்பா உண்மையைச் சொன்னால் அப்பா வெளியே. நான் கடைத் தோட்டா போட்டு அடுத்த வாரம் சுடலாம். அங்கிளோடு பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தேன். அவர் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் தன் ஷூவைப் பார்த்தார்.

"மை டாட்டர்," என்றார் அப்பா. "ஷி இஸ் லேர்னிங்."

அந்த மனிதர் என் தோளைத் தட்டி, "ரிவால்வருக்கு ரோல் கிரிம்ப் வேணும், கண்ணம்மா" என்கிற அர்த்தத்தில் இதமாக ஏதோ சொன்னார். நான் "யெஸ் சார்" என்றேன். ஆறு சனிக்கிழமையும் போயிற்று.

திரும்பும்போது காரில் அங்கிள் பின்சீட்டில் உட்கார்ந்து, துப்பாக்கியைப் பிடிக்கிற பிடி சரியில்லாவிட்டாலும் இப்படி ஆகும் என்று ஆரம்பித்தார். வீட்டில் அவரை இறக்கிவிட்ட பிறகு விஷயம் அம்மாவுக்குத் தெரிந்தது.

"உங்க மானத்துக்கு முட்டுக்குடுக்க என்ற புள்ள பேருதான் கெடச்சுதுங்களா?"

"சின்னப் புள்ளதானே, அடுத்த வருசம் சுட்டுக்கலாம்" என்றார் அப்பா.

"தும்ப விட்டுட்டு வாலப் புடிக்கற ஆளுங்க நீங்க ரெண்டு பேரும்!" அன்று இரவு அம்மா அவருக்குச் சோறு போடவில்லை.

இப்போது எனக்கு இருபத்துநாலு. ஹூஸ்டனில் வேலை, என் சொந்த பிரஸ், என் சொந்த ரோல் டை. துண்டுத்தாளைப் படித்துத்தான் வாங்கினேன். பிளானோ வீட்டை விற்றாயிற்று, அந்த கராஜில் யாரோ ஒருவர் டிரெட்மில் வைத்திருக்கிறார். செந்தில் அங்கிள் துப்பாக்கிகளை விற்றுவிட்டு காபிக்கொட்டை வறுக்கிறார். அதிலும் எட்டு மாதம் மூத்தவராகத்தான் இருப்பார்.

போன மாதம் சான் ஹோசேயில் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் நின்றுகொண்டு பத்துப் பேரிடம் சொன்னார்: "பதினஞ்சு வயசுலயே எங்க வீட்டுத் தோட்டா பூராவும் இவதான் லோட் பண்ணுவா. எனக்கே சொல்லிக்குடுத்தது இவதான்."

பொய் சொல்கிற முகமில்லை அது. அவர் அதை நம்புகிறார்.

"நான் அந்தப் பிரஸ்ஸத் தொட்டதே இல்லீங்கப்பா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அடக்கத்தப் பாருங்க!" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அந்தப் பந்தியில் அந்த நாளுக்குச் சாட்சி அம்மா ஒருத்திதான். பாயசத் தூக்கோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. என் இலைக்கு வந்ததும் குனிந்து இன்னொரு கரண்டி சேர்த்து ஊற்றி, "உடு கண்ணு, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். அன்று சோறு போட மறுத்த அந்தப் பொம்பளையையும் காணவில்லை.